பெயர் மறக்காத அமைச்சர்

அவருடைய பெயரை நான் எழுதப் போவதில்லை. பயம் என்று நினைக்க வேண்டாம். தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் எல்லோருடைய பெயரும் அவருக்குத் தெரியும். என் பெயர், அம்மா பெயர், செத்துப்போன அப்பா பெயர், தம்பி பெயர். இந்தக் கதையில் ஒரு ஆளாவது பெயர் இல்லாமல் இருக்கட்டும். அது அவராக இருக்கட்டும்.

லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து பங்களாவில் நான் சமையல் வேலை பார்க்கிறேன். வெள்ளைக்காரன் கட்டிய பங்களா. முன்பு அதில் தோட்டத்தை நடத்துகிற பெரிய துரை இருந்தார். இப்போதைய துரை கீழே சின்ன வீட்டில் இருக்கிறார். பங்களாவைக் கம்பெனி கொழும்பு ஆட்களுக்கு வாடகைக்கு விடுகிறது. குளிர் பார்க்க வருகிறவர்கள். ஜன்னலைத் திறந்து "ஆ, எவ்வளவு அழகு" என்பார்கள். கொழுந்து எடுக்கிற பெண்களைப் படம் பிடிப்பார்கள். அட்டை கடித்தால் ஊரைக் கூட்டுவார்கள்.

அந்தக் கூட்டத்தில் ஒருவராகத்தான் அமைச்சரும் வந்தார். உள்நாட்டுப் பாதுகாப்பு அப்போது அவர் பொறுப்பு. பொலிஸ் முழுவதும் அவருக்குக் கீழே. துப்பாக்கியோடு ரோட்டை மறித்து நிற்கிறவர்களும் அவருக்குக் கீழே. வழக்குப் போடாமல் ஒரு ஆளை உள்ளே வைத்திருக்க வேண்டும் என்றால் அந்த உத்தரவில் கையெழுத்துப் போடுவதும் அவர்தான். இந்தக் கடைசி விஷயம் எனக்கு அப்போது தெரியாது. டீவியில் வருகிற ஆள், அவ்வளவுதான் தெரியும்.

முதல் தடவை அவர் வருவதற்கு முன்னாலேயே ஜீப்பில் பாதுகாப்புப் பொலிஸ் வந்து இறங்கியது. ஒரு நாய் என் மாவு டின்னுக்குள் மூக்கை விட்டது. தோட்டக்காரர், கூட்டுகிற பெண், நான் எல்லோரையும் சுவரோரம் நிறுத்தி அடையாள அட்டைகளை வாங்கிக்கொண்டார்கள். ஒரு சார்ஜன்ட் என்னைப் பார்த்து சிங்களத்தில், "சமையல்காரி நீதானா? முதலில் நீ சாப்பிட்டுக் காட்ட வேண்டும்" என்றான்.

"நான் சமைக்கிறதைத் தினமும் நான்தான் சாப்பிடுறேன். இன்னும் சாகல" என்றேன், அவனுடைய சிங்களத்திலேயே. அவன் சிரிக்கவில்லை.

அமைச்சர் காரை விட்டு இறங்கி நேராக எங்களிடம் வந்தார். குள்ளமான ஆள். அகலமான தோள். சட்டைக் கையை மடித்து விட்டிருந்தார். முழங்கை வரைக்கும் பழைய சூட்டுத் தழும்புகள், கோடு கோடாக. டீவியில் அது தெரியாது.

"பேரென்னா?" என்று தமிழில் கேட்டார். கொழும்புத் தமிழ் இல்லை. எங்கள் தமிழ்.

"பரமேஸ்வரிங்க சேர். பரமுன்னு கூப்பிடுவாங்க."

"முழுப் பேரு இருக்கயில ஏன் பரமு? அப்பா யாரு?"

"ராமையாங்க. இப்ப இல்ல."

"எந்த ராமையா? கீழ்ப்பிரிவுல, கோயில் பக்கத்து லயத்துல, தப்பு அடிப்பாரே அவரா?"

ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் விடவில்லை.

"அம்மா பேரு அஞ்சலை. பாணு வாங்கினா கருகுனதாப் பாத்துத்தான் எடுப்பாங்க. வெந்தது வயித்துக்கு நல்லதும்பாங்க. இருக்காங்களா?"

"இருக்காங்க சேர்."

"கேட்டேன்னு சொல்லுங்க. பேக்கரிக்கார மாத்தயா மகன்னா தெரியும்."

பிறகு சார்ஜன்ட் பக்கம் திரும்பி, "இவங்களை எனக்குத் தெரியும், அட்டையைக் குடு" என்றார். என்னிடம் "நீங்க" என்று பேசினார். இந்த மலையில் லயத்து ஆளிடம் "நீங்க" என்று பேசுகிற பெரிய மனிதரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எங்கள் ஆட்களே கொஞ்சம் படித்துவிட்டால் "நீ" என்றுதான் பேசுகிறார்கள்.

அன்றைக்கு நான் அவருக்கு விழுந்துவிட்டேன். அதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை. நீங்களும் விழுந்திருப்பீர்கள்.

அம்மா சொல்லித்தான் மீதி தெரிந்தது. அவருடைய அப்பாவுக்கு டவுனில் பேக்கரி இருந்தது. பையன் பள்ளிக்கூடம் விட்டதும் பாண் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு லயம் லயமாக வருவாராம். வாசலில் நின்று "பாண், பாண்" என்று கத்த மாட்டார். "அஞ்சலக்கா, செல்லம்மாக்கா, பெரியசாமியண்ணே" என்று ஒவ்வொரு காம்பிராவாக, அறை அறையாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். பெயரைக் கேட்டால் வெளியே வராமல் இருக்க முடியுமா? மற்ற பேக்கரிக்காரன் பாண் விற்காமல் திரும்பிப் போவான்.

"பேரச் சொல்லிக் கூப்பிட்டா பாதி வேல முடிஞ்சிரும்" என்று அமைச்சரே என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறார். அவர் அடிக்கடி சொல்கிற வார்த்தை அது.

பங்களாவுக்கு வந்தால் மேசையில் உட்கார்ந்து சாப்பிட மாட்டார். சாரத்தைக் கட்டிக்கொண்டு, முழங்கையில் நூல் பிரிந்த ஒரு பச்சை ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு குசினிக்குள் வந்துவிடுவார். பழைய விறகு அடுப்பில் நான் பாண் சுட்டால் அதை எடுத்துக் கவிழ்த்து முதுகில் தட்டிப் பார்ப்பார். "மொகம் செவந்திருந்தா ஏமாந்துரக் கூடாது. முதுகத் தட்டணும். சத்தம் வந்தாத்தான் உள்ள வெந்திருக்கு." பிறகு பிய்த்து, நின்றுகொண்டே, தேத்தண்ணியில் தொட்டுச் சாப்பிடுவார். மாசிச் சம்பல் கேட்பார். விரலை நக்குவார்.

அப்படிச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே போன் வரும். பாணைக் கையில் வைத்துக்கொண்டு பேசுவார். பொலிஸ் பெரியவர்களிடம் பேசும்போதும் அதே பழக்கம்தான். "மகளுக்குக் காய்ச்சல் விட்டதா? சின்னவன் சோதனை எழுதினானா?" என்று முதலில் வீட்டு ஆட்களைப் பெயர் சொல்லிக் கேட்பார். அதன் பிறகு வேறு பெயர்கள் வரும். தேடப்படுகிறவர்களின் பெயர்கள். கடதாசி ஒன்றும் கையில் இருக்காது. தலையிலிருந்து சொல்வார். அப்பன் பெயர், ஊர், எந்தக் கடையில் வேலை, அக்காளைக் கட்டியவன் யார். சொல்லி முடித்துவிட்டுக் கடைசித் துண்டுப் பாணை வாயில் போடுவார்.

ஒரு தடவை போனை வைத்துவிட்டு என்னிடம், "நாட்டுப் பாதுகாப்புன்னா என்னா தெரியுமா பரமேஸ்வரி?" என்று கேட்டார்.

"துப்பாக்கிதானுங்களே சேர்."

"துப்பாக்கிய எவனும் தூக்குவான். யாரு எந்த லயத்துல, எந்தக் காம்பிராவுல இருக்கான்னு தெரியணும். அதான் பாதுகாப்பு. எங்கப்பா பேக்கரியில படிச்சதத்தான் இப்பயும் செய்யிறேன்."

எனக்கு அப்போது சிரிப்பு வந்தது. பாண் விற்றவர் பொலிஸை நடத்துகிறார், நல்லதுதானே என்று நினைத்தேன். நம் வாசலுக்கு வந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் மேலே போனால் நமக்கு நல்லது நடக்கும் என்று நினைக்கிற சாதி நாங்கள். இருநூறு வருஷமாக அப்படி நினைத்தே பழகிவிட்டோம்.

என் தம்பி யோகேஸ்வரனைப் பற்றியும் அவர் கேட்டிருந்தார். எல்லோரையும் கேட்பது போலத்தான். கொழும்பில் புறக்கோட்டைப் பக்கம் போன் திருத்துகிற கடையில் வேலை என்றேன். கல்யாணம் ஆகிவிட்டதா என்றார். இன்னும் இல்லை என்றேன். "கை வேலக்காரனா? நல்லது. அப்பா தப்பு அடிச்ச கை" என்றார். அதற்குப் பிறகு வருகிற ஒவ்வொரு தடவையும், "யோகேஸ்வரன் எப்படி?" என்று கேட்காமல் இருந்ததில்லை.

தம்பியைப் பிடித்தது ஒரு போனால்தான். அவன் திருத்திக் கொடுத்த போனின் சொந்தக்காரனை ஏதோ விஷயத்தில் பிடித்தார்கள். அந்த ஆளின் போனில் தம்பியின் நம்பர் இருந்தது. போன் திருத்துகிறவனின் நம்பர் ஆயிரம் பேரின் போனில் இருக்கும். அதைச் சொல்லி யாருக்குப் புரியும்? கடைக்கே வந்து ஏற்றிக்கொண்டு போனார்கள். கடை முதலாளி மறுநாள் காலையில் போனில் கோல் எடுத்து, "தங்கச்சி, என் பேர எங்கயும் சொல்லிறாதீங்க" என்றார். தம்பியை எங்கே கொண்டு போனார்கள் என்று கேட்டேன். வைத்துவிட்டார்.

அடுத்த முறை அமைச்சர் வரும்வரை அம்மா ஒவ்வொரு நாளும் காலையில் எழும்பியதும் ஒரே கேள்விதான் கேட்டாள். "எப்ப வாறாரு?"

வந்தார். குசினியில் பாணைத் தட்டிக்கொண்டிருந்தார். நான் சொன்னேன். அழவில்லை. எனக்கு அழுது கேட்க வராது. இப்படி இப்படி, இந்தக் கடை, இந்த நாள், அவன் ஒன்றும் செய்யவில்லை என்றேன்.

அவர் பாணை வைத்துவிட்டார். "யோகேஸ்வரன்" என்றார். தலையை ஆட்டினார். "ராமையாவோட மகன்."  "நான் விசாரிக்கிறேன். அம்மாவப் பயப்பட வேணாம்னு சொல்லுங்க."

மூன்று மாதத்துக்கு உத்தரவு போட்டிருந்தார்கள். அது முடிந்தது. இன்னொரு மூன்று மாதம் நீட்டினார்கள்.

ஹட்டனில் ஒரு வக்கீல் பிள்ளையைப் பிடித்தோம். தோட்டத்துப் பிள்ளைதான். ஆசிரியர் மகள். அவள்தான் எனக்கு விளக்கினாள். "அந்த உத்தரவுல கையெழுத்துப் போடுறது யாருன்னு நெனச்சீங்க அக்கா? உங்க பங்களாவுக்கு வாற ஆளுதான். நீட்டுறதும் அவரு கையெழுத்தாலதான்."

நான் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மற்றக் கன்னத்துக்கு மாற்றினாள்.

"அடி கிறுக்கி. தொர சம்பளச் செக்ரோல்ல கையெழுத்துப் போடுறாரு. பாத்தா போடுறாரு? கிளாக்கர் கட்டுக் கட்டா நீட்டுவான், தொர போட்டுக்கிட்டே போவாரு. நம்ம பேரு அதுல இருக்குன்னு அவருக்கு எப்புடித் தெரியும்?"

"அவருதான் பேர் மறக்காத ஆளாச்சே."

"கண்ணால பாத்தாத்தான மறக்காம இருக்க? பாத்திருக்க மாட்டாரு. நேர்ல நிப்பாட்டிக் காட்டணும்."

அம்மா இப்படிப் பேசுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதைச் சொல்லாவிட்டால் பிறகு நடந்தது விளங்காது.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அப்பாவுக்குத் துரை பத்துச்சீட்டுக் கொடுத்துவிட்டார். வேலை போய்விட்டது என்று அர்த்தம். கணக்கப்பிள்ளையோடு வாய்ச்சண்டை. வேலை போனால் லயத்துக் காம்பிராவும் போகும். அந்த மாதம் மாரியம்மன் திருவிழா. திருவிழாவுக்குத் துரையை அழைப்பது தோட்டத்து வழக்கம். கோயில் வாசலில் மாலை போட்டு, தலையில் பரிவட்டம் கட்டி, தட்டுக் கொடுப்பார்கள். அம்மன் சன்னிதியில் மாலை வாங்கினவர், போட்டவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. எங்கும் எழுதி வைக்கவில்லை. ஆனால் எந்தத் துரைக்கும் அது தெரியும். கூரைக்குத் தகரம் கேட்டு மாலை போடுவார்கள், தண்ணிக் குழாய் கேட்டுப் போடுவார்கள். வாயால் கேட்கவே மாட்டார்கள். அந்த வருஷம் மாலையை அம்மா போட்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டில் "ராமையா" என்று கூப்பிட்டார்கள்.

நானும் தம்பியும் சோற்றோடு சேர்த்துச் சாப்பிட்டு வளர்ந்த கதை இது.

ஆகவே அந்த வருஷத் திருவிழாவுக்கு அமைச்சரை அழைக்க வேண்டும் என்று அம்மா பிடிவாதமாக நின்றாள். தொழிற்சங்கத்துத் தோட்டத் தலைவருக்கு வாயெல்லாம் பல். அமைச்சர் வந்தால் அவர் பக்கத்தில் நின்று படம் எடுக்கலாம் அல்லவா. என் அழைப்புக்கே அமைச்சர் சரி என்றார். "ராமையா தப்பு அடிச்ச கோயிலு. வராம இருப்பேனா?"

மாலை கட்டும் இடத்துக்குத் தலைவர் வந்து எட்டிப் பார்த்தார். "அஞ்சலக்கா, ரோசாவுல கட்டாதீங்க. முள்ளுக் கிள்ளு குத்திச்சின்னு வைங்க, கட்டுன எல்லாத்தையும் உள்ள தூக்கிப் போட்ருவாரு."

பெண்கள் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. "வாய மூடிக்கிட்டுப் போடா. நல்ல காரியம் நடக்கயில."

சாமந்தியில்தான் கட்டினாள். ஒவ்வொரு பூவையும் புரட்டிப் பார்த்துக் கட்டினாள். முழங்கால் வலியால் கோயில் படி ஏற முடியாது. நான் இடுப்பைப் பிடித்துக்கொள்ள, ஏறினாள். அமைச்சர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். அம்மா குள்ளம், அவரும் குள்ளம். இருந்தாலும் தலையை நன்றாகக் குனிந்து கொடுத்தார். மாலை விழுந்தது. தப்புச் சத்தம் காதை அடைத்தது. அவர் அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்டது.

"அஞ்சலக்கா, யோகேஸ்வரன நான் மறக்கல."

நாலைந்து கேமராக்கள் மின்னின.

அம்மா படி இறங்கும்போது என் கையைப் பிடிக்கவே இல்லை. வீட்டுக்கு வந்ததும் தம்பியின் கம்பளியை வெயிலில் போட்டாள். அவன் பெட்டியைத் துடைத்தாள். மறுநாள் உளுந்து ஊறப் போட்டாள். அவனுக்குத் தோசை என்றால் உயிர்.

படம் பேப்பரில் வந்தது. தோட்டத்துத் தாய் அமைச்சருக்கு நன்றி சொல்கிறாள் என்று கீழே போட்டிருந்தார்கள். எதற்கு நன்றி என்று போடவில்லை. எங்களைக் கேட்கவும் இல்லை. அம்மாவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. படத்தை வெட்டி அம்மன் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினாள்.

உளுந்து புளித்துப் போயிற்று. மூன்று மாதம் முடிந்தது. மறுபடியும் நீட்டினார்கள்.

தம்பியை வைத்திருந்த இடத்தை வக்கீல் பிள்ளைதான் விசாரித்துச் சொன்னாள். பார்க்க நான் தனியாகத்தான் போனேன். அம்மாவால் அவ்வளவு தூரம் பஸ்ஸில் உட்கார முடியாது. கம்பிவலைக்கு அந்தப் பக்கம் அவன் நின்றான். மெலிந்திருந்தான். ஆனால் முகத்தில் ஒரு பிரகாசம். 

"எப்பக்கா விடுறாங்க?" என்றான்.

"யாரு சொன்னா விடுறாங்கன்னு?"

"ஏன், அம்மா மாலை போட்டிச்சில்ல? பேப்பர் படத்தப் பொலிஸ்ல கொண்டாந்து காட்டுனாங்க. பாரு, ஒங்கம்மாவே அமைச்சருக்கு மாலை போட்டாச்சு, எல்லாம் பேசி முடிச்சாச்சு, நீ மட்டுந்தான் பாக்கி, கையெழுத்தப் போட்டுட்டு வீட்டுக்குப் போன்னாங்க."

"எதுல கையெழுத்து?"

"சிங்களத்துல எழுதியிருந்திச்சு. எனக்குப் பேசத்தானக்கா தெரியும், வாசிக்கத் தெரியாதே." அவன் குரல் இறங்கியது. என் முகத்தைப் பார்த்துவிட்டான். "அது வரைக்கும் நான் எதுலயும் போடலக்கா. அடிச்சப்பயும் போடல. அம்மா படத்தப் பாத்துத்தான் போட்டேன். அப்பாவுக்கு ஆன மாதிரின்னு நெனச்சேன். காலையில பெரட்டுல பேரு கூப்பிடுவாங்கன்னு."

குற்றத்தை ஒத்துக்கொண்டதாக எழுதியிருந்த வாக்குமூலம் அது. வழக்குப் போடாமல் உள்ளே வைக்கிற அந்தச் சட்டத்தில் பொலிஸிடம் கொடுத்த வாக்குமூலமே போதும் என்று வக்கீல் பிள்ளை சொன்னாள். இன்றைக்கும் வழக்கு நடக்கிறது. அவனுக்கு எதிராக வேறு எதுவும் இல்லை. அந்த ஒரு கையெழுத்துத்தான்.

இந்த விஷயத்தை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். அவள் கட்டின மாலை அது.

அதற்குப் பிறகு அரசாங்கத்துக்குள் என்னவோ நடந்தது. அமைச்சரை வேறு அமைச்சுக்கு மாற்றினார்கள். ஏரி, குளம், மீன் என்று ஏதோ. ஏப்ரல் சீசனுக்கு பங்களாவுக்கு வந்தபோது நாய் வரவில்லை, ஜீப் வரவில்லை. பின்னால் ஒரே ஒரு பொலிஸ்காரன். அவனும் போனில் படம் பார்த்துக்கொண்டிருந்தான். நான் வேலையை விட்டிருக்கலாம். தம்பி வழக்குக்குப் போகிற பஸ் காசும் வக்கீல் காசும் இந்தக் குசினியில் இருந்துதான் வருகின்றன. ஆகவே நின்றேன்.

அவர் சாரத்தோடு, அதே பச்சை ஸ்வெட்டரோடு குசினிக்குள் வந்தார்.

"பரமேஸ்வரி, யோகேஸ்வரன் எப்படி?"

அவர் அதைப் பொய்யாகக் கேட்கவில்லை. அதுதான் எனக்கு இன்றுவரை ஆறாத விஷயம். பொய்யாகக் கேட்டிருந்தால் நான் நிம்மதியாக வெறுத்திருப்பேன். கண்ணில் உண்மையான கவலையோடு கேட்டார்.

"வழக்கு நடக்குதுங்க சேர்" என்றேன். பாணை அடுப்பிலிருந்து எடுத்து வைத்தேன். பிறகு எனக்கே தெரியாமல் வாய் திறந்தது. "சேர், ஒண்ணு கேக்கணும். நீங்க அந்தப் பாதுகாப்பு அமைச்சுல இருக்கயில, அந்த உத்தரவெல்லாம் கட்டுக் கட்டாத்தான வரும்?"

"வரும்."

"பாக்காமத்தான போட்டிருப்பீங்க?"

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை. "பாக்காமயா? யாரு சொன்னா? எனக்கு முன்னாடி இருந்தவங்க பாக்காமப் போட்டிருக்கலாம். நான் அப்படி ஆளு இல்ல. ஒவ்வொரு பேரையும் வாசிச்சுத்தான் போடுவேன். அப்பன் பேரு, ஊரு, எல்லாம். அது ஒரு மனுசனோட பேரு. பாக்காம எப்படிப் போடுறது?"

"யோகேஸ்வரன் பேரு வந்தப்ப?"

 மேசையில் கிடந்த மாவை விரலால் ஒதுக்கினார்.

"ஒங்க மொகம் ஞாபகம் வந்திச்சு. அதுக்கடுத்த தடவ அந்தக் கடதாசி வந்தப்ப ஒங்க அம்மா மாலை போட்டது ஞாபகம் வந்திச்சு. அன்னைக்கு நான் பகல் சாப்பாடு சாப்பிடல."

"போட்டீங்களா?"

"போட்டேன். பொலிஸ் வேணும்னு எழுதி அனுப்புறான். நாளைக்கு எங்கயாவது ஒண்ணு வெடிச்சா என்னையத்தான கேப்பாங்க? தெரிஞ்ச ஆளுன்னு ஒருத்தனுக்கு விட்டா அப்பறம் அது என்னா பாதுகாப்பு?" குரலைத் தணித்தார். "நான் போடாட்டி வேற ஒருத்தன் வந்து, பேரக்கூடப் பாக்காமப் போட்டிருப்பான் பரமேஸ்வரி."

"நீங்களும் பாக்காமப் போட்டிருக்கலாம் சேர். எங்கம்மா சொல்றது நெசமாயிருந்திருக்கும்."

அவருக்கு அது விளங்கவில்லை என்று நினைக்கிறேன். அல்லது விளங்கியது. பாணை எடுத்துக் கவிழ்த்தார். முதுகில் தட்டினார். இரண்டு தடவை தட்டினார்.

"நல்லா வெந்திருக்கு" என்றார்.

நான் அவருக்குப் பிய்த்துக் கொடுக்கவில்லை. தேத்தண்ணியும் ஊற்றவில்லை. பின்வாசல் வழியாக வெளியே போய் விறகுக் கொட்டகையில் நின்றேன். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்தபோது அவர் தானே ஊற்றிக் குடித்துவிட்டுக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார். அதையும் சரியாகச் செய்திருந்தார்.

அன்றைக்கு வேலை முடிந்து வீட்டுக்குப் போனபோது அம்மா வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். அமைச்சர் வந்திருப்பது லயம் முழுவதும் தெரிந்திருந்தது.

"பாத்தியாடி?"

"பாத்தேன்."

"புள்ளயப் பத்திக் கேட்டாரா?"

"கேட்டாரு."

"பேரு ஞாபகம் இருந்திச்சா?"

நான் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். 

"இருந்திச்சு."

அம்மாவின் முகம் விரிந்தது. பல் இல்லாத வாயால் சிரித்தாள். "நான்தான் சொன்னேனே. அவரு மறக்குற ஆளா? அந்தக் கடதாசி அவரு கண்ணுல படாமப் போயிருச்சு. அதான் இவ்வளவு நாளும்." சுவரைப் பிடித்துக்கொண்டு எழும்பினாள். "திருவிழா வருதில்ல. இந்த வருசமும் வருவாரான்னு ஒரு வார்த்த கேட்டுட்டு வா. போன தடவ சாமந்தி கொஞ்சம் வாடிப்போச்சு. இந்தத் தடவ நல்ல பூவா வாங்கணும்."

"மாலை வேணாம்மா" என்றேன்.

"ஏன்?"

நான் உள்ளே போனேன். அம்மன் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த பேப்பர் படம் ஒரு மூலையில் பெயர்ந்து தொங்கியது. கிழிக்கக் கை போனது. வெளியிலிருந்து அம்மா மறுபடியும், "ஏன்டி வேணாம்?" என்று கேட்டாள்.

சோற்றுப் பருக்கையை நசுக்கி அந்த மூலையை ஒட்டி வைத்தேன்.